கேளுங்க சொல்றோம்: கடல் படத்துல சுருள் சுருளா தெரியுறது என்ன?

கேள்வி: சாட்டிலைட் ரேடார் எடுத்த கடல் படம் ஒண்ணு பாத்தேங்க, கருப்பு வெள்ளையில கோடு கோடா சுருண்டு கெடக்கு, கீழ நீர்ச்சுழல்னு போட்டிருக்கு. ரேடார் தண்ணிக்குள்ள போகாதுங்கிறாங்களே, அப்ப இது எப்படித் தெரியுது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: போகாதுதான். அது பாக்குறது மேல்பரப்போட சொரசொரப்ப மட்டும். சென்டினல்-1 சாட்டிலைட் அனுப்புற அலையோட நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், காத்து கிளப்புற சிற்றலையும் கிட்டத்தட்ட அந்த சைஸ்லயே இருக்கிறதால அதுல பட்டது திரும்பி வந்து படத்துல வெளுப்பா விழும், தண்ணி வழவழன்னு கெடந்தா சாய்வா வர்ற ரேடார் அலை சறுக்கி எதிர்ப்பக்கமா போயிரும், அந்த எடம் கருப்பு. வண்டியூர் கண்மாய்ல லேசா காத்தடிக்கிறப்ப பாருங்க, சிலுசிலுப்புக்கு நடுவுல அங்கங்க வழவழன்னு திட்டுத்திட்டா கெடக்கும்.

கடல்ல அந்த வழவழப்பு பெரும்பாலும் பிளாங்டன் (தண்ணில மிதக்குற நுண்ணுயிர்) மாதிரி உயிரிங்க விடுற மெல்லிசான எண்ணெய்ப்பசைங்க, அது சிற்றலைய அமுக்கிரும். நீரோட்டம் இழுத்த பக்கம் அதுவும் போகும், சுழல்ல மாட்டுனா சுருண்டுரும். நாம பாக்குறது அந்தப் பசையத்தான், அத வெச்சு சுழல கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான். பூமியோட வடபாதில இந்தச் சின்னச் சுருளுங்க பெரும்பாலும் இடஞ்சுழியா இருக்கும், பூமி சுத்துறதுதான் காரணம். 1978ல போன சீசாட்ங்கிற ரேடார் சாட்டிலைட் மூணு மாசம் சொச்சத்துலயே செத்துப்போச்சு, அதுக்குள்ளயே இந்த மாதிரி படமெல்லாம் எடுத்துருச்சு!

காத்துதான் இதுல வில்லன். செகண்டுக்கு 2 மீட்டர் கூட இல்லேன்னா படமே கருப்பு, 7, 8 தாண்டுனா பசை கலைஞ்சிரும். ஆடிக்காத்துல மன்னார் வளைகுடாவ எடுத்துட்டு சுருள் தேடுனா சிக்குறது கஷ்டம்.

கேள்வி: கருப்பா இருந்தா எண்ணெய்க்கசிவா?
- மேலூர் வாசகி

பதில்: இருக்கலாம், காத்தில்லாத எடமாவும் இருக்கலாம். ஒரே ஒரு படத்த வெச்சு அடிச்சுச் சொல்றவங்கள நம்பாதீங்க. கப்பல் ஊத்திட்டுப் போனது பொதுவா நீட்டுக்கோடா இருக்கும்.

கேள்வி: நீரோட்டத்தோட வேகமும் தெரியுமா சார்?
- உசிலம்பட்டி, காலேஜ் ஸ்டூடண்ட்

பதில்: பாதி தெரியும் தம்பி. டாப்ளர் முறையில, அதாவது திரும்பி வர்ற அலையோட அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்து, தண்ணி ரேடார நோக்கி வருதா விலகிப் போகுதா, எவ்வளவு வேகம்னு எடுக்கலாம், குறுக்கால ஓடுனா தெரியாது, அதுலயும் காத்தும் அலையும் சேத்துவிடுற வேகத்தக் கழிக்கணும். கல்பாக்கம், கடலூர் கரையில வெச்சிருக்கிற ரேடாருங்க ஒரே கடல ரெண்டு கோணத்துல பாக்குது, அதனால அங்க திசையும் சேந்தே கெடைக்கும்.