கண்ணை மூடினால் என்ன தெரிகிறது? கேள்வி பதில்

பெங்களூரில் உளவியல் பாடம் நடத்துகிறேன். மனக்காட்சி, அதாவது நினைத்ததும் மனதில் தெரியும் படம் பற்றி நான் பேசியதைக் கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அல்சூரிலிருந்து ஒரு சகோதரி: அம்மா போய் 2 வருடம் ஆகிறது. கண்ணை மூடினால் அவர் முகம் வருவதில்லை, வெறும் இருட்டுதான். தங்கைக்கு அம்மாவின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறதாம். எனக்குப் பாசம் குறைவா?

இல்லைம்மா. எனக்கும் அப்பா முகம் வராது. ஆனால் ஏரிக்கரையில் யாராவது அவரைப்போலத் துண்டை உதறித் தோளில் போட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. படம் வருவது வேறு, ஞாபகம் வேறு, பாசம் வேறு. அம்மா புடவையை எப்படி மடிப்பார் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள்தானே?

1880லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், அன்று காலை சாப்பிட்ட மேசையை நினைவில் பார்க்கச் சொல்லிப் பலரிடம் கேட்டார். மனக்கண் என்பதே வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2015இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜீமன் குழு, இப்படி மனதில் படம் வராததற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தது. சுமார் நூற்றில் ஒருவருக்குப் படமே வருவதில்லை. அம்மாவின் போட்டோக்களையும் குரல் பதிவுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அவை ரொம்ப முக்கியம்.

மாரத்தஹள்ளியிலிருந்து: எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும், சொல்லும் விதம்தான் வேறு என்கிறார் என் கணவர்.

வெளிச்சமான ஒன்றை மனதில் பார்த்தாலே கண்பாப்பா கொஞ்சம் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், படம் வராதவர்களுக்கு அப்படிச் சுருங்கவில்லை. நிஜ வெளிச்சத்துக்கு அவர்கள் கண்ணும் சுருங்கியது. பாப்பாவை யாரும் நினைத்தபடி சுருக்க முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜெயநகரிலிருந்து: 12 வயதுப் பையன். மனதில் எதுவும் தெரியவில்லை என்கிறான். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். டிஸ்னியில் வரைந்த க்ளென் கீனுக்கும் மனதில் படம் வராது. தாளில் கோடு விழ விழத்தான் அவருக்கு உருவம் பிடிபடும். ‘கண்ணை மூடிக் கற்பனை செய்’ என்று அவனை வற்புறுத்த வேண்டாம் என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

பொம்மனஹள்ளித் தம்பி ஒருவர்: எனக்கு நேர் எதிர். 3 மாதத்துக்கு முன் சில்க் போர்டு அருகே பார்த்த விபத்து அப்படியே கண் முன் வருகிறது. தூக்கமில்லை.

மனக்காட்சி தெளிவாக இருப்பது நோயில்லை தம்பி. ஆனால் கூப்பிடாமலே வந்து 3 மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.