கம்பஸ் பிள்ளைகளுக்குக் கோச்சிங்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மாணவர்களின் மனநலத்துக்குக் கோச்சிங் உதவுமா என்று வந்தாறுமூலை, ஒலுவில், கல்லடி, சம்மாந்துறைப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. மட்டக்களப்பில் உளவளத்துணை வேலை செய்கிறேன். மாணவர்களோடு இருந்து பேசுகிறவர்களைப் பயிற்றுவிப்பதும் என் வேலைதான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, கவுன்சிலிங்குக்கும் கோச்சிங்குக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கதைக்கிறதுதானே? (வந்தாறுமூலை, இரண்டாம் வருடம்)

கதைக்கிறதுதான் தம்பி, ஆனால் கதை போகிற திசை வேறு. உளவளத்துணையில் உங்கள் வலியை, அது வந்த வழியை, வீட்டை, இழப்பையெல்லாம் பேச இடமிருக்கும். கோச்சிங்கில் அடுத்த கிழமையைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம்.

மூன்று கிழமையாக லெக்சருக்குப் போகாத ஒரு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கிழமை என்ன நடந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும்?" என்று கோச் கேட்பார். "விட்ட நோட்ஸ் எல்லாத்தையும் எழுதி முடிக்கோணும்" என்பார் மாணவர். "ஒரு கிழமைக்குள் முடியுமா?" முடியாது என்று அவருக்கே தெரியும். பேசிப் பேசி, செவ்வாய்க்கிழமை எட்டு மணி லெக்சர் ஒன்றுக்கு மட்டும் போவது, முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் போனை ரூம்மேட்டிடம் கொடுப்பது என்று முடிவாகும். அதை மாணவரே தன் கையால் எழுதுவார். அடுத்த கிழமை கோச் அந்தத் தாளை எடுத்து வைத்துக் கேட்பார். போகவில்லையென்றால் ஏச்சு இல்லை. "எந்த இடத்தில் தடைப்பட்டது? எழும்பினீங்களா? வாசல் வரைக்கும் வந்தீங்களா?" என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்.

இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் மனம் சோரும்போது ஆள் ஒதுங்குகிறார், ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடுகிறது. மனம் சரியான பிறகு எழும்பலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. எழும்பி ஒரு வேலையைச் செய்த பிறகுதான் மனம் மெல்ல அசையும். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழியின் அடிப்படையே இதுதான்.

கோச் தேடுறதை விட்டுட்டு இன்னும் நாலு கவுன்சிலர்களைப் போட்டால் என்ன? (விரிவுரையாளர், ஒலுவில்)

போடத்தான் வேண்டும் சேர். அந்தக் கோரிக்கையை ஒருநாளும் விட வேண்டாம். ஆனால் தேவையின் அளவையும் பாருங்கள். 8 நாடுகளில் 19 பல்கலைக்கழகங்களின் முதலாம் வருட மாணவர்கள் ஏறக்குறைய 14,000 பேரிடம் உலக சுகாதார ஸ்தாபனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களில் 35 வீதமானோருக்கு வாழ்நாளில் ஏதோவொரு மனநலப் பிரச்சினைக்கான அடையாளம் இருந்தது. பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களே இதற்குப் போதுமான உளவளத்துணையாளர்கள் இல்லாமல் திணறுகின்றன.

வசதி குறைந்த இடங்களிலிருந்து படிக்க நிறைய இருக்கிறது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கிளினிக் வளவில் ஒரு வாங்கு, அதில் பயிற்சி பெற்ற வயதான பெண்கள். வருகிறவரோடு சேர்ந்து பிரச்சினைகளை அடுக்கி, ஒன்றைத் தெரிந்தெடுத்து வழி தேடுவார்கள். 573 பேரோடு நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. சற்று மேம்படுத்திய வழமையான பராமரிப்பைப் பெற்றவர்களை விட, வாங்கில் இருந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன.

கோச்சிங் என்றே பார்த்தால், அமெரிக்காவில் 13,555 மாணவர்களோடு நடந்த ஆய்வொன்று 2014இல் வந்தது. கோச் கிடைத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்தது கூடுதலாக இருந்தது. அது அளந்தது படிப்பில் நிலைத்ததை, மனநலத்தை அல்ல. ஆகவே கோச்சிங் எல்லாவற்றையும் சுகப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் நிலைப்பாடு இதுதான்: பின்னால் ஒரு உளவளத்துணையாளரும், அவருக்குப் பின்னால் வைத்தியசாலையும் இருந்தால் கோச்சிங் நல்லது. அந்த இரண்டும் இல்லாமல் தனியே நடத்துவது ஆபத்து.

எந்த நிலைமையில கோச்சிட்டப் போகக் கூடாது? (பலர்)

மனச்சோர்வை அளக்க, கடந்த இரண்டு கிழமையைப் பற்றிய 9 கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 என்ற படிவம் இருக்கிறது. மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உளவளத்துணையாளரோ வைத்தியரோ பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைத்தானே காயப்படுத்துவது பற்றிய எண்ணங்களைக் கேட்கும். அதற்குப் பூச்சியம் தவிர எது விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கோச் அன்றைக்கே அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். யாரும் பேசாத குரல் கேட்பது, நாள்கணக்கில் நித்திரையில்லாமலே உற்சாகமாகத் திரிவது, சாப்பாட்டை அறவே விடுவது, இவையும் வைத்தியரின் வேலை.

மகள் ஹொஸ்டல்ல அழுதுகொண்டே இருக்கிறாளாம். கிளினிக்குப் போனால் ஊர் கதைக்கும், நாளைக்குக் கலியாணம் பேசேக்க பிரச்சினை. கோச்சிங் எண்டால் ஒருத்தருக்கும் தெரியாதுதானே? (தாய், களுவாஞ்சிக்குடி)

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குது. கோச்சிங் நூலகத்து மூலையிலோ மரத்தடியிலோ நடக்கலாம், பார்க்கிறவர்களுக்குப் படிப்பு விஷயம் மாதிரித்தான் இருக்கும். பலர் அதனால்தான் முதல் தரம் வாய் திறக்கிறார்கள். ஆனால் வருத்தத்தை மறைக்கக் கோச்சிங்கைப் பாவிக்க வேண்டாம். எத்தனை நாளாக அழுகிறாள், நித்திரை கொள்கிறாளா என்று முதலில் அவளிடமே கேளுங்கள். இரண்டு கிழமையைத் தாண்டியிருந்தால் நீங்களே கூட வந்து காட்டுங்கள். நேரத்தோடு மருந்து எடுத்து, படித்து முடித்து, வேலை செய்து, குடும்பமாக வாழ்கிற பிள்ளைகளை நான் இந்த மாவட்டத்திலேயே பார்க்கிறேன்.

ஏஎல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு வந்தன். லெக்சர் முழுக்க இங்கிலிஷ். நான் மொக்கு எண்டு யோசிச்சு யோசிச்சு இப்ப போகவே பயம். (முதலாம் வருடம்)

தங்கச்சி, கோச்சிங் நன்றாகக் கைகொடுக்கிற இடம் இது. உங்களுக்கு வருத்தம் இல்லை, மூளையிலும் குறையில்லை. பதின்மூன்று வருடம் ஒரு மொழியில் படித்துவிட்டு ஒரே மாதத்தில் வேறு மொழிக்கு மாறினால் யாருக்கும் மூச்சு முட்டும். அடுத்த லெக்சரின் ஸ்லைட்டில் ஒரே ஒரு பக்கத்தை முதல் நாளே பெட்ச்மேட் ஒருத்தியோடு வாசியுங்கள். விளங்காத ஐந்து சொல்லைத் தமிழில் எழுதுங்கள். ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய், லெக்சர் முடிந்ததும் வாசித்தே கேளுங்கள். தாளைப் பார்த்து வாசிப்பதில் வெட்கம் இல்லை.

பகிடிவதையால மனசு உடைஞ்சவனைக் கோச் பண்ணி என்ன பிரயோசனம்? (மூன்றாம் வருடம்)

பிரயோசனமில்லை, செய்யவும் கூடாது. அடி வாங்குகிறவனுக்குத் தாங்கப் பழக்குவது உதவியில்லை. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முறைப்பாடு செய்யவும் பாதுகாப்பான இடத்துக்கு மாறவும் அவனுக்குத் துணை நிற்க வேண்டும். மஹாபொல புலமைப்பரிசுக் காசு பிந்தி வந்து பசியோடு இருக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான். அந்தப் பிள்ளைக்கு "நேர முகாமைத்துவம்" படிப்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். முதலில் சாப்பாட்டுக்கு வழி பாருங்கள்.

ராத்தா, ஒன்லைன்ல ரெண்டு நாள் கோர்ஸ் செஞ்சி சேர்ட்டிபிகேட் எடுத்திருக்கன். நானும் கோச்சா இரிக்கலாமா? (சம்மாந்துறை)

விருப்பம் நல்லது மகள். ஆனால் கோச் என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம், அதுதான் சிக்கல். உங்களைக் கிழமைக்கொரு தரம் இருத்தி, "அந்தப் பிள்ளை சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்கிற அனுபவசாலி ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் தொடங்க வேண்டாம். சொந்தப் பெட்ச், சொந்த அறை, சொந்த ஊர் ஆட்களை எடுக்கக் கூடாது. எதை இரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க மாட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உயிராபத்து என்றால் மறைக்க முடியாது என்று அந்தப் பிள்ளை அழ முதலே தெரிந்திருக்கட்டும். பெண் பிள்ளைகள் பெண் கோச்சைக் கேட்டால் காரணம் கேட்காமல் ஒழுங்கு செய்யுங்கள். சிங்கள மாணவர்களுக்குச் சிங்களத்தில் பேசக்கூடியவர் வேண்டும்.

வட்ஸ்அப்ல செய்யலாமா?

சந்திப்பை ஞாபகப்படுத்தலாம். நள்ளிரவில் அழுகிற பிள்ளைக்கு மெசேஜில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அழையுங்கள்.

என்ட ரூம்மேட் நாலு நாளா கட்டிலை விட்டு எழும்பல்ல. "எல்லாம் முடிஞ்சுது" எண்டு சொல்றான். நான் என்ன செய்யிற? (வந்தாறுமூலை)

இதை வாசித்த உடனே அவனிடம் போங்கள் தம்பி. பக்கத்தில் இருந்து, "சாகோணும் எண்டு யோசிக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பலருக்கு அது பெரிய ஆறுதல். ஓம் என்றால் தனியே விடாதீர்கள். மருந்து, பிளேட், கயிறு எதுவும் அறையில் இருக்கக் கூடாது. ஹொஸ்டல் பொறுப்பாளருக்குச் சொல்லி, போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எந்நேரமும் இயங்கும். இல்லை என்று சொன்னாலும் இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவனை எழுப்பிக் கூட்டிப்போங்கள், நாளைக்குக் காலையில் மாணவர் ஆலோசகரிடம் நீங்களும் கூடப் போங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள்.