ரேகன்ஸ்புர்க் யாத்திரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கலை வரலாற்று நூல் ஒன்றில் மைக்கேல் ஒஸ்டெண்டார்ஃபர் 1520-ஐ ஒட்டி உருவாக்கிய மரச்செதுக்கு அச்சு ஒன்றைப் பார்த்தேன். ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரில் ‘அழகிய மரியாள்’ கோயிலுக்கு வந்த யாத்திரைக் கூட்டம். மாதா சுரூபத்தின் அடியில் மனிதர்கள் மண்ணில் விழுந்து கிடக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஓவியர் எங்களைக் கேலி செய்கிறார் என்றே பட்டது. அக்காலத்துப் பெரிய ஜெர்மானிய ஓவியர் டியூரரும் இந்த யாத்திரையைக் கண்டித்ததாக ஒரு வரி இருந்தது. அப்படியென்றால் இது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் பக்கம் நின்று வரைந்த படம்தானே?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேலி இல்லை. ஒஸ்டெண்டார்ஃபர் ரேகன்ஸ்புர்கிலேயே தொழில் செய்தவர். யாத்திரை உச்சத்தில் இருந்த காலத்தில் அதைப் பெருமையோடு காட்டும் படமாகவே இதைச் செய்திருக்கிறார். பழிக்க வந்தவர் அந்த மரக் கோயிலை இவ்வளவு சிரத்தையாகச் செதுக்கியிருக்க மாட்டார். கோயிலின் வெளிப்புறத்தில் தொங்கும் பொருட்களைக் கவனித்தீர்களா? உழவர்களின் கருவிகளும் அவற்றில் உண்டு. வயலிலும் தொழுவத்திலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கையில் இருந்த வாரியோடும் பால் குவளையோடும் வீட்டில் சொல்லாமல்கூடப் புறப்பட்டு வந்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஆள் உயரத்தையும் மிஞ்சும் மெழுகுவர்த்திகள் வருகின்றன. முன்னால் தூண்மேல் நிற்கும் சுரூபம் எர்ஹார்ட் ஹைடன்ரைக் செய்தது. அதன் அடியைக் கட்டிக்கொண்டும் குப்புற விழுந்தும் கிடப்பவர்கள் உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறார்கள். அன்று அதைப் பார்த்தவர்களில் பலருக்கு அது அருளின் அடையாளம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் பாருங்கள். கூரை போன சுவர்களும் இடிந்த வீடுகளும் நிற்கின்றன. அது யூதர் குடியிருப்பு. என்னைப் பொறுத்தவரை படத்தின் மையமே அதுதான்.

பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் 1519 ஜனவரியில் இறந்தார். யூதர்களுக்குப் பேரரசரின் பாதுகாப்பு இருந்தது. அடுத்தவர் தேர்வாகும்வரை கேட்க ஆள் இல்லை. வணிகம் நொடித்துக் கடனில் கிடந்த நகரம் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது. பேராலயப் பிரசங்கியார் பால்தாசர் ஹூப்மையர் யூதர்களுக்கு எதிராக ஏற்கனவே கனல் மூட்டி வைத்திருந்தார். பிப்ரவரியில் நகர மன்றம் அவர்களுக்குச் சில நாள் கெடு கொடுத்து வெளியேற்றியது, அவர்களது தொழுகைக்கூடத்தை இடித்தது, கல்லறைகளையும் விட்டுவைக்கவில்லை. பெயர்த்த கல்லறைக் கற்களில் சில இன்றும் அந்நகரத்துச் சுவர்களில் பதிந்திருக்கின்றன.

இடிப்பு வேலையின்போது யாக்கோப் கெர்ன் என்ற கொத்தனார் விழுந்து படுகாயமடைந்தார். பிழைக்க மாட்டார் என்று நினைத்தவர் மறுநாளே எழுந்து நடந்தாராம். மாதாவின் புதுமை, அதாவது அற்புதம், என்று ஊர் முடிவு செய்தது. இடித்த இடத்திலேயே அவசர அவசரமாக மரத்தில் கோயில் எழுந்தது. 1520-ஆம் ஆண்டில் மட்டும் யாத்திரிகர்கள் அடையாளமாக அணிய விற்ற முத்திரைகளில் மலிவானவை 1,09,000-க்கு மேல், வெள்ளியில் செய்தவை 9,700-க்கு மேல். கடனில் கிடந்த நகரத்துக்கு இதைவிடப் பெரிய புதுமை வேறென்ன வேண்டும்?

ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டோர்ஃபரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓவியர், நகர மன்ற உறுப்பினர். வெளியேற்ற முடிவை யூதர்களிடம் அறிவிக்கப் போனவர்களில் ஒருவர். இடிப்பதற்குச் சற்று முன் தொழுகைக்கூடத்தின் முன்மண்டபத்தையும் உட்புறத்தையும் வரைந்து, அமிலத்தால் உலோகத் தகட்டில் அரித்தெடுத்த இரண்டு அச்சுகளாக வெளியிட்டார். அக்கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான சான்று அவை. தூண்களின் வரிசையையும் வளைவுகளில் விழும் நிழலையும் எவ்வளவு நிதானமாகப் பதிந்திருக்கிறார்! அதே தாளில், கடவுளின் நீதியான தீர்ப்பால் இக்கூடம் அடியோடு அழிந்தது என்று லத்தீனில் பொறித்தும் வைத்தார். பிறகு அழகிய மரியாளின் படத்தைப் பல வண்ணங்களில் அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரே.

டியூரருக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த அதே அச்சின் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. இப்போது கோபுர்க் நகரில் இருக்கிறது. 1523-இல் அதன் அடியில் தன் கையாலேயே எழுதினார். இந்த மாயத் தோற்றம் மறைநூலுக்கு எதிராக ரேகன்ஸ்புர்கில் தலைதூக்கியிருக்கிறது, உலக ஆதாயத்துக்காக ஆயர் இதை நிறுத்தாமல் விட்டுவிட்டார், கடவுளின் தாயை இப்படி அவமதிக்காமல் கிறிஸ்துவில் மதிக்க நமக்கு அருள் வேண்டும் என்பது சாரம். கண்டனம் அவருடையது. அதைப் படத்தின்மேல் ஏற்றிப் படித்ததால்தான் உங்களுக்குக் கேலி தெரிந்திருக்கிறது. 1520-இலேயே சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரும் தரைமட்டமாக்க வேண்டிய யாத்திரைத் தலங்களின் பட்டியலில் ரேகன்ஸ்புர்கைச் சேர்த்திருந்தார்.

எனக்கு டியூரர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. வழிபாட்டில் பிழை கண்டார், ஆயரின் காசாசையைக் கண்டார். அந்தத் தாளிலேயே நிற்கும் இடிந்த வீடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. போற்றியவர்களுக்கும் பழித்தவர்களுக்கும் சண்டை மாதாவை எப்படி வணங்குவது என்பதில்தான்.

ஒஸ்டெண்டார்ஃபர் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். சில ஆண்டுகளில் யாத்திரை ஓய்ந்தது. மரக் கோயிலுக்குப் பதிலாகக் கட்டத் தொடங்கிய கல் ஆலயம் 1542-இல் லூத்தரன் ஆலயமாயிற்று. 1550-களில் அதற்குச் சீர்திருத்தக் கொள்கையை விளக்கும் பீட ஓவியம் தேவைப்பட்டபோது வரைந்து கொடுத்தவர் இதே ஒஸ்டெண்டார்ஃபர்தான். கேட்டவர்களுக்கு வரைந்தார். ஹூப்மையரோ குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத மறுமுழுக்குக்காரராக மாறி, 1528-இல் வியன்னாவில் எரிக்கப்பட்டார்.

1995-இல் அந்த ஆலயம் நிற்கும் சதுக்கத்தில் தொடங்கிய அகழாய்வில் தொழுகைக்கூடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் வெண்ணிறத்தில் ஒரு தரைச் சிற்பம் அமைத்திருக்கிறார். மக்கள் அதன்மேல் உட்காரலாம். உங்கள் நூலில் ஆல்ட்டோர்ஃபரின் அந்த இரண்டு அச்சுகளும் இருக்கின்றனவா பாருங்கள். ஒஸ்டெண்டார்ஃபரின் படத்தை அவற்றோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.