துப்பாக்கி சைட் கண்ணுக்குத் தெரியவில்லையா? புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. என் கைத்துப்பாக்கியில் குறி பார்க்க உதவும் சைட்டுகளில், முன் சைட்டில் ஒன்று, பின் சைட்டில் இரண்டு என்று மூன்று வெள்ளைப் புள்ளிகள். முன்பெல்லாம் பிரச்சினை இல்லை, இப்போது மூன்றும் ஒன்றோடு ஒன்று குழம்பித் தெரிகின்றன, முன் சைட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் கை ஆட ஆரம்பித்துவிடுகிறது. புது சைட் மாற்றச் சொல்கிறார்கள், செலவு கட்டுப்படியாகாது. மலிவாக ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. புது சைட் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், முதலில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துப் பின் சைட்டில் இருக்கிற அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளையும் அடித்து மறைத்துவிடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் மறைக்கச் சொல்கிறானே என்று. ஆனால் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட் மட்டும்தான், மற்ற இரண்டும் லேசாக மங்கினால் பரவாயில்லை. மூன்று புள்ளியும் ஒரே வெள்ளையாக இருந்தால் கண் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அலைகிறது. பின்னால் இருப்பதைக் கறுப்பாக்கினாலே முன்னால் இருப்பது தானாக எழுந்து நிற்கும். பிடிக்கவில்லையென்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நிறைய பேருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

போதவில்லையென்றால் அடுத்தது நெயில் பாலிஷ். வெள்ளை ஒன்று, பளீரென்று அடிக்கிற ஆரஞ்சோ பச்சையோ ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்கிற அறையிலேயே இருக்க வேண்டாம். ஸ்லைடை (சைட்டுகள் பொருத்திய, முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) தனியாகக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது, முனைப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் முன் சைட்டின் உங்களைப் பார்க்கிற முகம் மேல்நோக்கிப் படுத்துக்கொள்ளும், பாலிஷ் வழியாது.

எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது, ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் பாலிஷ் பாட்டிலில் வருகிற பிரஷ்ஷைத் தொடவே தொடாதீர்கள், அது சைட்டைவிடப் பெரியது. பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நடுவில் வைத்து ஓரத்துக்கு இழுத்து விடுங்கள். முதலில் வெள்ளை, மெல்லிசாக இரண்டு பூச்சு. கறுப்பின் மேல் நேராக ஆரஞ்சைப் பூசினால் அழுக்குப் பழுப்பாகத்தான் வரும், அடியில் வெள்ளை இருந்தால்தான் நிறம் பளிச்சிடும். அது காய்ந்ததும் நிறம் இரண்டு பூச்சு, மேலே நிறமில்லாத பாலிஷ் ஒன்று, இரவு முழுக்கக் காயட்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டு ஒரே பூச்சாகக் கனமாக அப்பினேன், மறுநாள் துப்பாக்கி துடைக்கிற திரவம் பட்டதும் தோலாக உரிந்து வந்துவிட்டது. அந்தத் திரவம் இப்படிப்பட்ட பூச்சை அரிக்கும், துடைக்கும்போது சைட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் எது என்றால், பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு அதிகம் உறைப்பது மஞ்சள் கலந்த பச்சை, ஒளியின் அலைநீளத்தில் சுமார் 555 நானோமீட்டர் பக்கம். சிவப்பு நல்ல வெயிலில் அழகாக இருக்கும், வெளிச்சம் குறையக் குறையக் கறுத்துப்போகும். சிவப்பு-பச்சை பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள் மஞ்சளையோ வெறும் வெள்ளையையோ எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நானும் ஆரஞ்சுப் புள்ளி வைத்தேன், நன்றாகத் தெரிகிறது, ஆனால் குண்டெல்லாம் மேலே போய் விழுகிறது. பூச்சால் இப்படி ஆகுமா?

பதில்: பூச்சால் இல்லை, நீங்கள் பார்க்கிற இடம் மாறிவிட்டது. முன்பு முன் சைட்டின் மேல் விளிம்பைப் பின் சைட்டின் மேல் விளிம்போடு சமமாக வைத்தீர்கள். இப்போது கண் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதையே அந்தச் சமத்துக்குத் தூக்குகிறது. புள்ளி விளிம்பைவிடக் கீழே இருப்பதால் முன் சைட் மொத்தமும் மேலே ஏறுகிறது, குண்டும் ஏறுகிறது. புள்ளியை எடுத்துவிட்டு முகம் முழுக்க, மேல் விளிம்பு வரை நிறம் பூசுங்கள், ஆனால் விளிம்பைத் தாண்டி மேலே குமிழாக நிற்கக் கூடாது. காகித இலக்கில் துல்லியமாகச் சுடுவதுதான் நோக்கம் என்றால் பளபளக்காத கறுப்பே நல்லது. அந்தக் காலத்துப் போட்டிக்காரர்கள் பளபளப்பு தெரியாமல் இருக்கச் சைட்டில் விளக்குப் புகைக் கரி ஏற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: இருட்டில் ஒளிரும் பெயின்ட், ஃபைபர் ஆப்டிக், டிரிட்டியம். காசு கொடுத்தால் எதற்குக் கொடுப்பது?

பதில்: மூன்றும் மூன்று வேலை. ஒளிரும் பெயின்ட் மலிவு. ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், பழைய துத்தநாக சல்ஃபைடு வகை சீக்கிரம் அணைந்துவிடும். எதுவானாலும் டார்ச் அடித்து ஏற்றினால்தான் ஒளிரும், நேரம் போகப் போக மங்கும். ஃபைபர் ஆப்டிக் என்பது ஒளி கடத்தும் மெல்லிய இழை, சுற்றுப்புற வெளிச்சத்தைச் சேர்த்து நுனியில் காட்டும், பகலில் அதற்கு ஈடில்லை, இருட்டில் ஒன்றுமில்லை. இழை உடைந்தால் அதே குறுக்களவில் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். டிரிட்டியம் என்பது சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்த கதிரியக்க வாயு, அந்தக் குழாய் தானாக ஒளிரும், விலையும் அதிகம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். ஆகவே பழைய துப்பாக்கியில் டிரிட்டியம் சைட் இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால், சைட்டில் தயாரிப்பு ஆண்டு பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள், 12 ஆண்டு ஆகியிருந்தால் பாதி வெளிச்சம்தான் மிச்சம். அந்தக் கண்ணாடிக் குழாயைச் சுரண்டவோ குத்திப் பார்க்கவோ கூடாது, பூசினால் அதைச் சுற்றி வளையமாகப் பூசுங்கள்.

கேள்வி: எல்லாம் பூசிப் பார்த்தாகிவிட்டது, நிறம் தெரிகிறது, விளிம்பு மட்டும் மங்கலாகவே இருக்கிறதே?

பதில்: அப்படியானால் குறை சைட்டில் இல்லை, அது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவதுதான். கை நீட்டிப் பிடிக்கும்போது கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று காலித் துப்பாக்கியோடு, இன்னொருவரை வைத்து டேப்பால் அளந்து அந்த அளவை மட்டும் கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். படிக்கிற கண்ணாடி புத்தகத் தூரத்துக்கானது, இதற்கு அவ்வளவு பவர் தேவைப்படாது. அதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியில் குறி பார்க்கும் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். சின்னத் துளை வழியே பார்க்கும்போது கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளியும். வெளிச்சம் குறையும், பக்கவாட்டும் மறையும், அதனால் நல்ல வெயிலில், களத்தில் நின்று காகித இலக்கைச் சுடும்போது மட்டும் போதும். துளை வழியே சைட்டின் விளிம்பு கத்தி மாதிரித் தெரிந்தால், கண்ணாடிக்குச் செய்யும் செலவு வீண் போகாது.