விறகு அறுக்க நல்ல செயின்சா எப்படிப் பார்த்து வாங்குவது? வாங்கியபின் எப்படிப் பராமரிப்பது?

ஒரு அடி விட்டத்துக்குள் இருக்கும் கட்டைகளைத்தான் அறுக்கப்போகிறேன், பெரிய இன்ஜினாக வாங்கினால் ரொம்ப நாள் உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜின் பெரிதாக இருப்பதால் மட்டும் எந்த மெஷினும் கூடுதலாக உழைக்காது. மரத்தை அறுப்பது செயின். அதைச் சுற்றிவிடுவதுதான் இன்ஜினின் வேலை. கூரான செயின் மாட்டிய 40 சிசி மெஷின், மழுங்கிய செயினோடு திணறும் 60 சிசி மெஷினைவிடச் சீக்கிரம் அறுத்து முடிக்கும். "மெஷின் முன்ன மாதிரி இழுக்கலை" என்று பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்கள் முதலில் செயினைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு 40 முதல் 50 சிசி, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போதும். கட்டையின் விட்டத்தைவிட பார் 2 அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதற்கு மேல் நீளம் கூடக்கூட எடை கூடும், தீட்ட வேண்டிய பற்கள் கூடும், பாரின் நுனி தெரியாமல் வேறெதிலாவது படும் ஆபத்தும் கூடும். வாங்கும்போது மெஷினைக் கையில் தூக்கிப் பாருங்கள். எரிபொருள் இல்லாமலே கனமாகத் தெரிந்தால், அரை மணி நேரத்தில் தோள் கெஞ்சும். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் இருக்கிறதா, செயின் பிரேக் ஒரே தட்டில் விழுகிறதா, செயினை இறுக்கும் ஸ்க்ரூ பக்கவாட்டில் கைக்கு எட்டுகிறதா, ஏர் ஃபில்டர் மூடியைக் கருவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். தினமும் ஓட்டுபவர் என்றால் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) மெக்னீசிய வார்ப்பாக இருக்கும் மாடலுக்குப் போகலாம். வீட்டு விறகுக்கு அது கட்டாயமில்லை. பிராண்டைவிட முக்கியம், அதன் செயினும் ஃபில்டரும் ஸ்டார்ட்டர் கயிறும் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்குமா என்பது.

பேட்டரி மெஷின் சில்லறை வேலைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கும் செயின் ஆயில் ஊற்ற வேண்டும், அதன் செயினையும் தீட்ட வேண்டும். பராமரிப்பில் குறைவது இன்ஜின் வேலை மட்டும்தான்.

வாங்கியதும் பாரின் மேல் பொறித்திருக்கும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தில் பாதிதான் பிட்ச். டிரைவ் லிங்க் என்பது செயினில் பாரின் பள்ளத்துக்குள் ஓடும் நாக்கு. கேஜ் என்பது அந்த நாக்கின் கனம், 1.3 அல்லது 1.5 மில்லிமீட்டர் மாதிரி. இந்த மூன்றும் பொருந்தாத செயின் அந்த பாரில் சரியாக உட்காராது. "16 அங்குலச் செயின் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது அதனால்தான் தப்பாகப் போகிறது.

அடுத்து எரிபொருள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உள்ளே தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கு ஒரே மசகு. அது இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். கையேட்டில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில் வேண்டும், டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக்குறி இருந்தால் நல்லது. படகு மோட்டாருக்கான ஆயில் இதற்கு ஆகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை (டயஃப்ரம்) விறைக்கச் செய்யும். ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவே கலக்குங்கள்.

செயின் ஆயில் தனி டாங்கில் போகும். கழிவு இன்ஜின் ஆயிலை ஊற்றுவது பலருக்கும் வழக்கம், தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் உலோகத் துகள் பம்பையும் பாரையும் தேய்க்கும், சுற்றித் தெறித்துக் கைமேலும் மண்மேலும் படும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு வெளிர் நிறக் கட்டைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுங்கள். கட்டைமேல் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். ஒரு டாங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டாங்கும் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். நிறைய மிச்சம் இருந்தால் பாரில் இருக்கும் ஆயில் துளை மரத்தூளால் அடைத்திருக்கும்.

இனி தீட்டுவது. இதை மட்டும் நீங்களே கற்றுக்கொண்டால் மெஷின் உங்கள் கைக்குள் வந்துவிடும். எப்போது தீட்ட வேண்டும் என்பதை மரத்தூளே சொல்லும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவு மாதிரித் தூளைக் கக்கும். மெஷினை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது என்றாலும், காய்ந்த மரம் இல்லாதபோதே புகை வந்தாலும் அதே காரணம்தான். கட்டை தரையில் கிடக்கும்போது செயின் மண்ணை ஒரு நொடி தொட்டாலே முனை போய்விடும்.

அங்குலத்தில் சொல்லப்படும் பிட்ச்சுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும்: 3/8 லோ புரொஃபைலுக்கு (உயரம் குறைந்த பல் உள்ள செயின்) 4 மில்லிமீட்டர், .325க்கு 4.8, முழு 3/8க்கு பெரும்பாலும் 5.2 அல்லது 5.5. பாரை வைஸில் இறுக்கி, செயினையும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலான செயின்களில் 30 டிகிரி. பல்லின் முதுகில் அதற்கான கோடு பொறித்திருக்கும், அரத்தை அதற்கு இணையாக வைத்தால் போதும். அதிகம் சேதமான பல்லை முதலில் தீட்டி, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். தீட்டிய விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வெள்ளைக் கோடு மாதிரி ஒளி மின்னினால் அங்கே இன்னும் மொட்டை. கூரான விளிம்பில் ஒளி தங்க இடமே இருக்காது.

இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே நீளத்தில் இருப்பது ஏன் முக்கியம் என்றால், இந்தச் செயினே மாறி மாறிக் கடிக்கும்படி அமைந்தது. ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து இந்த வளைந்த பல்லை உருவாக்கினார், 1947இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு பக்கப் பல் குட்டையானால் அறுவை வில்லாக வளைந்துகொண்டு போகும். பற்கள் சமமாக இருந்தும் வளைகிறது என்றால் பாரின் பள்ளத்துக்கு இருபுறமும் உள்ள விளிம்புகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய இந்த மேடு உயர்ந்து நிற்கும், கூராக இருந்தும் செயின் கடிக்காது. மூன்று நான்கு தடவை தீட்டியபின் இந்த மேட்டின் உயரத்தை அளக்கும் கேஜ் தகட்டை வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் எடுங்கள். பல் விளிம்புக்குக் கீழே சுமார் 0.65 மில்லிமீட்டர் போதும். அதிகம் எடுத்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், மெஷின் திடீரென எகிறும் உதைப்பும் கூடும்.

இறுக்கம் பார்க்கும்போது பாரின் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். செயின் பாரின் அடியை ஒட்டிக் கிடக்க வேண்டும், அதே சமயம் கையுறை போட்ட கையால் தடையின்றி இழுபட வேண்டும். சூட்டில் நீளும் செயினை அந்தச் சூட்டிலேயே இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி பாரையும் கிராங்க் ஷாஃப்டையும் வருத்தும். செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரின் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரு விளிம்பும் சமமாகத் தேயும். இரண்டு மூன்று செயின் மாற்றியதும் அதைச் சுற்றிவிடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். சோக் முழுவதும் போட்டு இழுக்கும்போது ஒரு முறை இருமிவிட்டு நிற்கும். உடனே சோக்கைப் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இருமலைத் தவறவிட்டால் பெட்ரோல் உள்ளே நிரம்பிவிடும். அப்போது சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றி, கயிற்றைப் பத்துத் தடவை இழுத்து வெளியேற்றிவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர். ஓடுகிறது ஆனால் ஏறவில்லை என்றால் ஏர் ஃபில்டர், டாங்குக்குள் இருக்கும் ஃபியூயல் ஃபில்டர், சைலன்சர் வாயில் கரி அடைத்த வலை, இந்த மூன்றையும் பார்த்தபின் கார்புரேட்டரிடம் போங்கள். ஐடிலில் செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் கிளட்சைப் பாருங்கள்.

அறுக்கும்போது இரண்டு விஷயம். இரண்டு முனையும் தாங்கலில் இருக்கும் கட்டையின் மேல்பகுதி அழுத்தத்தில் இருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் பார் சிக்கிக்கொள்ளும், மூன்றில் ஒரு பங்கு மேலிருந்து, மிச்சம் கீழிருந்து. ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் இதற்கு நேர் எதிர். பாரின் நுனியில் மேல்பாதி எதிலும் படவே கூடாது, பட்டால் கண் இமைப்பதற்குள் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். முன்கைப்பிடியில் இடது கட்டைவிரல் சுற்றி வளைத்திருக்க வேண்டும், தலை பாரின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, வெட்டைத் தாங்கும் கால்சட்டை மூன்றும் மெஷினோடு சேர்த்தே வாங்க வேண்டியவை.

சில மாதம் எடுக்கமாட்டீர்கள் என்றால் டாங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். செயினைக் கழற்றி ஆயிலில் நனைத்து, பாருக்கு உறை போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.