ஐந்து பேருக்கு நான்கு ஸ்லீப்பிங் பாக்

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். போன ஒக்டோபரில், தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதிக்கு, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 69 வயது அம்மா எல்லோருமாக அல்கோன்குவின் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கினோம். இரவில் குளிர் தாங்க முடியவில்லை. புதிதாக வாங்கிய நான்கு ஸ்லீப்பிங் பாக்கும் காற்று மெத்தைகளும் உதவவில்லை. அம்மா மட்டும் வீட்டுப் போர்வையே தனக்குப் போதும் என்றார். விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பி நெருப்பு மூட்டி எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்துத் தந்தார். இந்த முறை கூடாரத்துக்குள் வைக்க ஒரு புரொப்பேன் ஹீற்றர் வாங்கலாமா?

பதில்: ஹீற்றர் கதை பிறகு, தம்பி. உங்கள் அம்மா நான்கு மணிக்கு எழும்பவில்லை. அன்றிரவு அவர் தூங்கவே இல்லை. படுக்க முடியாமல் நெருப்பைத் தேடி வெளியே வந்தவர், கையோடு உங்களுக்குத் தேத்தண்ணியும் வைத்திருக்கிறார். நீங்கள் அதைக் குடித்துவிட்டு, அவருக்குக் குளிரே தெரியவில்லை என்பதுபோல எனக்கு எழுதுகிறீர்கள்.

ஐந்து பேர் போகும் இடத்துக்கு நான்கு வாங்கியது எப்படி? "போதும் என்றார்" என்கிறீர்கள். பிள்ளைகளிடம் வேண்டுமா என்று கேட்டா அவர்களுக்கு வாங்கினீர்கள்? எனக்கு வரும் கடிதங்களில் பொருள்தான் மாறும்: ஒருமுறை பனிச் சப்பாத்து, ஒருமுறை மூக்குக்கண்ணாடி, ஒருமுறை பல் வைத்தியம். "அம்மா வேண்டாம் என்றுவிட்டார்" என்ற வரி மட்டும் மாறுவதில்லை. மகனின் காசு செலவாகக் கூடாது என்று பார்க்கும் தாய் வேறு என்ன சொல்வார்? அவர் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருப்பது மரியாதை ஆகாது. அது உங்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

வயது போகப் போக உடல் சூட்டை உண்டாக்குவது குறையும். குளிர் ஏறுவது உணர்வில் படுவதும் குறையும். ஒக்டோபர் நடுப்பகுதியில் அல்கோன்குவினில் இரவு 0 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியில் சால்வை போர்த்திய மனுசி அவர். அங்கே 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்து. பேச்சுக் குழறினாலோ, நடை தடுமாறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனாலோ, "சரியாகிவிட்டது" என்று விடாதீர்கள். உடனே 911ஐ அழையுங்கள். உதவி வரும்வரை ஈர உடுப்பை மாற்றி, காருக்குள் சூட்டில் வைத்திருங்கள்.

இனி, நீங்கள் நால்வரும் ஏன் விறைத்தீர்கள் என்று பார்ப்போம். ஸ்லீப்பிங் பாக்கில் பெரிதாக அச்சிட்ட பாகை பெரும்பாலும் அதன் எல்லை. உடலைச் சுருட்டிப் படுத்துச் சமாளிக்கிற அளவு அது. நிம்மதியாகத் தூங்கும் அளவை 'கம்ஃபர்ட்' என்று தனியே போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு அந்த எண் எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்தாறு பாகையாவது கீழே இருக்கட்டும்.

ஆனால் பெரிய குற்றவாளி உங்கள் காற்று மெத்தை. உள்ளே வெறும் காற்றுத்தான். அது சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிடும். நாம் படுத்து நசுக்கியதால் பாக்கின் அடிப்பக்கமும் காப்பதில்லை. விரிப்பு வாங்கும்போது, சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் 'ஆர்' மதிப்பைப் பாருங்கள், 4க்கு மேல் வேண்டும். அதற்கு அடியில் மலிவான 'குளோஸ்ட் செல்' நுரை விரிப்பு ஒன்றும் போட்டால் தரை தள்ளி நிற்கும். முதல் காசை இங்கே செலவழியுங்கள்.

அப்புறம் உடுப்பு. அம்மா பருத்தி நைற்றிக்கு மேல் ஒரு ஸ்வெட்டரோடு படுத்திருப்பார் என்று நினைக்கிறேன். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்து உடலைக் குளிர வைக்கும். உடலோடு ஒட்டக் கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளுடுப்பு, படுக்கும்போது மாற்ற உலர்ந்த சொக்ஸ், தலைக்குத் தொப்பி. சுடுதண்ணீரை ஒழுகாத போத்தலில் நிரப்பி, சொக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். படுக்குமுன் நெய் விட்ட சாப்பாடோ கச்சானோ சாப்பிடட்டும், ஆனால் கரடி நடமாடும் காடு அது, ஒரு பருக்கைகூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்து நம் அம்மாக்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து இடமாகப் பதியுங்கள், எத்தனை மணியானாலும் நீங்கள் எழும்பிக் கூடப் போங்கள். மருமகளை எழுப்ப வேண்டாம்.

ஹீற்றரா? வேண்டாம். புரொப்பேனோ கரியோ, மூடிய கூடாரத்தில் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே ஐந்து பேரையும் கொண்டுபோய்விடும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவும் வேண்டாம், மூச்சின் ஈரம் கூரையில் படிந்து படுக்கையை நனைத்துவிடும்.

கூடாரம்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே பூங்காவின் மியூ லேக் முகாமில் மின்சூடு உள்ள யேர்ட் எனும் நிலையான கூடாரக் கொட்டகைகள் இருக்கின்றன. ஐந்து மாதத்துக்கு முன்னமே பதிவு திறக்கும், திறந்த அன்றே கேட்டு வையுங்கள். மேப்பிள் சிவப்பைப் பார்க்கத்தான் போகிறீர்களென்றால் செப்ரெம்பர் கடைசி வாரமே நல்லது. தாங்ஸ்கிவிங் வருவதற்குள் பெரும்பாலும் கொட்டிவிடும், குளிர்தான் மிச்சம்.

எதைப் பதிவதற்கும் முன், அம்மாவுக்கு வர விருப்பமா என்று கேளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாக. வருகிறேன் என்றால் கடைக்குக் கூட்டிப் போங்கள். விலைச்சீட்டை அவர் கண்ணில் காட்டாதீர்கள். தரையில் விரித்து உள்ளே படுக்கவைத்து, விரல் நோவு இருந்தாலும் அவரால் தனியே ஸிப்பைத் திறந்து வெளியே வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.