ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, எந்த மோட்டார்ஹோம் எடுக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையல் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி வாங்கறதை பத்தி இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். நாலஞ்சு ஷோரூம் ஏறி இறங்கி கடைசியா ரெண்டு மாடல்ல வந்து நிக்கிறாங்க, விலையும் பக்கத்துல பக்கத்துல, படமும் ஒரே மாதிரி, இனி எதை வச்சு முடிவு பண்றதுன்னு தெரியல. புதுசுன்னா 70 ஆயிரம் பவுண்டை சர்வசாதாரணமா தாண்டுது, நிறைய குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியா இதுதான் பெரிய செலவு, அதனால முக்கியமான கேள்விகளுக்கு கொஞ்சம் விரிவாவே எழுதறேன். பெரும்பாலும் பிரிட்டன்ல இருக்கறவங்க கேட்டது, ஒண்ணு மட்டும் ஜெர்மனி.

கேள்வி: டோர்ட்முண்ட்ல இருக்கோம். கராடோ, சன்லைட் ரெண்டும் பாத்தோம். உள்ள போனா அச்சு அசல் ஒண்ணாதான் இருக்கு. எது நல்ல கம்பெனி?

ரெண்டும் எர்வின் ஹைமர் குரூப்போட பிராண்டுதான், சாக்சனியில நாய்ஸ்டாட்ங்கற ஊர்ல காப்ரான் ஃபேக்டரியிலதான் ரெண்டும் தயாராகுது, அதனால ஒண்ணா தெரியறதுல ஆச்சரியம் இல்ல. பிரான்ஸ்ல ஷோசோனும் சேலஞ்சரும் இதே கதைதான், ரெண்டும் டிரிகானோ குரூப். இப்படி ரெட்டை மாடல் மாட்டினா எந்த பேர் உசத்தின்னு யோசிக்கறத விட்டுட்டு ரெண்டு டீலர்கிட்டயும் எழுத்துல கொட்டேஷன் வாங்கி வரிவரியா பக்கத்துல வச்சு பாருங்க. ஒருத்தர் விலையில ஆனிங் (வெளிய இழுத்து விரிக்கற நிழல் கூரை), ரிவர்ஸ் கேமரா எல்லாம் பேக்கேஜ்ல சேந்திருக்கும், இன்னொருத்தர் அதையே ஆப்ஷன்னு தனியா போட்டிருப்பார். அதுக்கப்புறமும் சமமா இருந்தா வீட்டுக்கு கிட்ட இருக்கற டீலர்கிட்ட எடுங்க. தண்ணி கசிவு வாரண்டி நீடிக்கணும்னா வருஷா வருஷம் அவங்க சொன்ன கால கெடுவுக்குள்ள செக்கப் காட்டணும், ஒரு ஜன்னல் சீல் போனா வண்டியை கொண்டு போய் விட்டுட்டு திரும்ப எடுக்க போறது நீங்கதான், 200 கிலோமீட்டர் தள்ளி வாங்கினா அந்த அலைச்சல் உங்க தலையில.

கேள்வி: நாங்க அஞ்சு பேர். ஆறு பெர்த் (படுக்கை) மாடல் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. எடுக்கலாமா?

பெர்த் எத்தனைன்னு பாக்காதீங்க, சீட் பெல்ட் எத்தனைன்னு எண்ணுங்க. ஆறு பேர் படுக்கலாம் ஆனா நாலு பேர்தான் பெல்ட் போட்டு உக்காரலாம்ங்கற வண்டிங்க நிறையவே ஓடுது, அது உங்களுக்கு உதவாது. பெல்ட்டும் மூணு புள்ளி பெல்ட்டா, இடுப்பு பெல்ட் மட்டுமா, சீட் முன்பக்கம் பாத்து இருக்கா, ஐசோஃபிக்ஸ் (சைல்டு சீட் மாட்டற கொக்கி) எத்தனை சீட்டுல இருக்குன்னு கையை விட்டு தடவி பாருங்க. பிரிட்டன்ல 12 வயசு ஆகற வரைக்கும் இல்லன்னா 135 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும் குழந்தைக்கு சைல்டு சீட் வேணும், அதனால உங்க சீட்டையே காரிலிருந்து கழட்டிட்டு போய் அங்க மாட்டி பாருங்க. டினெட் (உள்ள இருக்கற சாப்பாட்டு மேஜை) பெஞ்சுல பல சீட் சரியா உக்காராது.

கேள்வி: மில்டன் கீன்ஸ். ரெண்டு மாடல், ரெண்டும் ஃபியட் டுகாட்டோ வேன் மேல கட்டினது, ரெண்டும் 3,500 கிலோ, 7.4 மீட்டர். ஒண்ணுல நடுவுல ஐலண்ட் பெட் (ரெண்டு பக்கமும் நடக்க இடம் விட்ட கட்டில்), பெரிய ஷவர், இன்னொண்ணுல கூரையில இருந்து இறங்கற பெட். மனைவிக்கு முதல் மாடல் பிடிச்சிருக்கு. ரெண்டு பசங்க. உங்க கருத்து?

இந்த கேள்விக்குதான் நான் அதிகம் எழுதணும், ஏன்னா ரெண்டும் 3,500ன்னு சொல்லும்போதே உங்களுக்கு சமம்னு ஒரு எண்ணம் வந்துடுது, ஆனா 3,500ங்கறது வண்டி ரோட்ல போகும்போது மொத்தமா இருக்கலாம்ங்கற எல்லை மட்டும்தான். அதுல வண்டி எவ்வளவு தின்னுட்டு உங்களுக்கு எவ்வளவு மிச்சம் விடுதுங்கறதுதான் பேலோடு. பிரவுச்சர் பின்பக்கத்துல மாஸ் இன் ரன்னிங் ஆர்டர்னு (ஓட தயாரா இருக்கற வண்டியோட எடை) ஒரு நம்பர் பொடி எழுத்துல இருக்கும், அதை 3,500ல இருந்து கழிங்க. அந்த நம்பர்ல டிரைவருக்கு 75 கிலோவும், 90 சதவீத டீசலும் சேந்திருக்கும், மத்த பயணிங்க யாரும் சேந்திருக்க மாட்டாங்க.

உங்க குடும்பத்தையே வச்சு போட்டு பாப்போம். ரன்னிங் ஆர்டர் 3,050ன்னு வைங்க, மிச்சம் 450. மனைவியும் ரெண்டு பசங்களும் சேந்து 140, மிச்சம் 310. ஆனிங் 30, ரெண்டாவது பேட்டரி 25, சோலார் பேனல் 12, பின்னாடி ரேக்கும் சைக்கிளும் 75, ஆக மொத்தம் 142, மிச்சம் 168. இப்ப தண்ணி. 100 லிட்டர் டேங்க்னு போட்டிருப்பாங்க, ஆனா நிறைய கம்பெனி ரன்னிங் ஆர்டர் கணக்குல 20 லிட்டர்தான் சேத்திருக்கும், ஃபுல்லா ரொப்பினா இன்னும் 80 கிலோ. மிச்சம் 88. இதுல நாலு பேர் துணி, போர்வை, நாற்காலி மேஜை, 25 மீட்டர் கரண்ட் கேபிள், லெவலிங் ராம்ப் (சக்கரத்தை உயர்த்தி வண்டியை சமமா நிறுத்தற கட்டை), பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் அடங்கணும். அடங்காது.

தாண்டிட்டா என்ன ஆகும்? டிவிஎஸ்ஏ (பிரிட்டன்ல வண்டிங்களை சோதிக்கற அரசு அமைப்பு) ஓரங்கட்டி எடை போட்டா எவ்வளவு தாண்டியிருக்குங்கறதை பொறுத்து 100ல இருந்து 300 பவுண்ட் வரை அபராதம், ரொம்ப மீறினா கோர்ட்டு. பணத்தை விடுங்க, பிரேக் தூரம், டயர் வெடிக்கறது, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் தகராறு, குழந்தைகளை வச்சுகிட்டு இதெல்லாம் வேண்டாம்.

சில டீலர் "எடை எல்லை எழுதின பிளேட்டை 3,650 ஆக்கி தர்றோம், வெறும் பேப்பர் வேலைதான்"னு சொல்லுவாங்க. பேப்பர் வேலைதான், ஆனா லைசென்ஸ் பாக்கறது அந்த பிளேட்ல இருக்கற எடையைத்தான். இந்தியாவிலிருந்து வந்து, முதல் 12 மாசத்துக்கு அந்த ஊர் லைசென்ஸ்ல ஓட்டிட்டு அப்புறம் இங்க டெஸ்ட் கொடுத்து வாங்கினவங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் பி கேட்டகிரி, அது 3,500 வரைக்கும்தான். மேல போகணும்னா சி1 டெஸ்ட் தனியா கொடுக்கணும்.

இன்னொண்ணு, அச்சு எடை, அதாவது முன் சக்கரங்க மேலயும் பின் சக்கரங்க மேலயும் தனித்தனியா விழற எடை. மொத்தம் 3,500க்குள்ள இருந்தாலும் பின் அச்சு தாண்டலாம். 3,500 கிலோ லைட் சேஸி (இலகு ரக அடிச்சட்டம்) டுகாட்டோவுக்கு பின் அச்சு எல்லை வழக்கமா 2,000 கிலோ. பின்சக்கரத்துக்கு அப்புறம் நீளமா நீட்டிக்கிட்டு இருக்கற வண்டியில கடைசில 75 கிலோ சைக்கிள் தொங்கவிட்டா பின் அச்சுல 75க்கு மேலயே ஏறும், முன்பக்கம் தூக்கும், முன்சக்கர டிரைவ் வண்டி ஈரப்புல்லுல சுத்திக்கிட்டு நிக்கும். ஐலண்ட் பெட் மாடல்ல பெட்டுக்கு கீழ பெரிய கேரேஜும், அதாவது சாமான் அறையும், இருந்தா அதையும் ரொப்ப தோணும், அதனால பின்னாடி இன்னும் கவனம்.

என் கருத்து, ரெண்டு மாடலுக்கும் இந்த கழித்தல் கணக்கை நீங்களே போடுங்க, எதுல உங்க சாமானெல்லாம் ஏத்தின பிறகும் 50 கிலோவாவது மிச்சம் நிக்குதோ அதை எடுங்க. ஐலண்ட் பெட் மாடல்லயே மிச்சம் வந்தா தாராளமா மனைவி பேச்சை கேளுங்க, தினமும் பெட்டை இறக்கி ஏத்தற வேலை இல்லாதது பெரிய நிம்மதி.

கேள்வி: என்கிட்ட 1997க்கு முன்னாடி எடுத்த லைசென்ஸ். அதே மாடல் 3,500லயும் 3,850லயும் கிடைக்குது. பெருசை எடுக்கலாமா?

1 ஜனவரி 1997க்கு முன்னாடி கார் டெஸ்ட் பாஸ் பண்ணினவங்களுக்கு 7,500 கிலோ வரை உரிமை இருக்கு, எடுங்க. ஆனா 70 வயசுல அது தானா தொடராது, மெடிக்கல் ஃபார்ம் கொடுத்துதான் தக்க வச்சுக்கணும். காலி எடை 3.05 டன்னுக்கு மேல போனா சிங்கிள் கேரேஜ்வேல (நடுவுல தடுப்பு இல்லாத ரோடு) வேக எல்லை மணிக்கு 60 இல்ல, 50 மைல்தான். பிரான்ஸ்ல 3,500 தாண்டினாலோ, உயரம் 3 மீட்டர் ஆனாலோ டோல் கிளாஸ் 3, ஆஸ்திரியாவுல விக்னெட் (டோல் ஸ்டிக்கர்) ஒட்டறதுக்கு பதிலா கோ-பாக்ஸ் (டோல் கருவி) வாங்கி கிலோமீட்டர் கணக்குல கட்டணும். ஐரோப்பா பக்கம் அடிக்கடி போறவங்களுக்கு இது கவனிக்க வேண்டிய செலவு.

கேள்வி: நாங்க ரெண்டு பேர் மட்டும். வேன் கன்வெர்ஷன் (சாதா வேனையே உள்ள மாத்தி அமைச்ச மோட்டார்ஹோம்) பாக்கறோம், 5.99 மீட்டரா 6.36 மீட்டரா? நான் ஆறடி.

ஆறடின்னா 183 செ.மீ. டுகாட்டோ உள்ள அதிகபட்ச அகலம் சுமார் 1.87 மீட்டர், அதுலயும் இன்சுலேஷன், பலகை எல்லாம் போக குறையும், அதனால 5.99ல குறுக்கா போட்ட பெட்ல உங்க தலையும் காலும் ரெண்டு பக்க சுவரையும் தொடும். ஃபோர்ட் ட்ரான்சிட், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் உள்ள 1.78 பக்கம்தான், அதுல குறுக்கு பெட் வேணும்னா பக்கவாட்டுல புடைச்ச பேனல் இருக்கணும். 6.36ல நீளவாக்குல ரெண்டு தனி பெட் வரும், ராத்திரி ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தரை தாண்ட வேண்டாம். என் வோட்டு அதுக்குதான்.

ஆனா ஒரு விஷயம், ரெண்டுக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கரத்துக்கு நடுவுல உள்ள தூரம்) ஒண்ணுதான், 4.035 மீட்டர். கூடுதல் 37 செ.மீ. முழுக்க பின்சக்கரத்துக்கு பின்னாடிதான் இருக்கு, இறுக்கமா திருப்பும்போது வால் வெளிய வீசும். கார் பார்க் கட்டம் வழக்கமா 4.8 மீட்டர், அதனால 5.99 எடுத்தாலும் வெளிய நீட்டத்தான் போகுது. பார்க்கிங்குக்காக சின்னதை எடுக்கறேன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. ஷோரூம்ல ஷூவை கழட்டிட்டு ரெண்டு பேரும் சேந்து பத்து நிமிஷம் படுங்க, சேல்ஸ்மேன் நிக்கறாரேன்னு கூச்சப்படாதீங்க.

கேள்வி: பழசு பாக்கறேன். 2018 டுகாட்டோ ஆட்டோமேட்டிக் ஒண்ணு, 2021 ஒண்ணு. ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்தானே?

இல்லங்க. 2018ல இருக்கறது கம்ஃபோர்ட்-மேட்டிக், மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்களுக்கு பதில் ஒரு மோட்டார் அமுக்குது, அவ்வளவுதான். கிளட்சு இருக்கு, தேயும். 2021ல வர்றது ஒன்பது கியர் டார்க் கன்வெர்ட்டர், நிஜமான ஆட்டோமேட்டிக். வித்தியாசம் தெரியணும்னா டெஸ்ட் டிரைவ்ல மெயின் ரோட்ல ஓட்டாதீங்க, லெவலிங் ராம்ப் மேல ரிவர்ஸ்ல அங்குலம் அங்குலமா ஏத்தி பாருங்க. பழைய பாக்ஸ் தயங்கி திடீர்னு பாயும், கிளட்சு வாடை கூட வரும். பட்ஜெட் எட்டினா 2021. எட்டலன்னா நல்ல மேனுவல் எடுங்க.

கேள்வி: லண்டன் ஹாரோ. ஒரே மாடல், ஒரே வருஷம் (2016), ஒண்ணு 3,000 பவுண்ட் கம்மி, ஆனா சர்வீஸ் ரெக்கார்ட் இல்ல. மைல் ரொம்ப கம்மி.

முதல்ல வண்டி நம்பரை டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) சைட்ல போட்டு யூலெஸ் (புகை அதிகம் விடற வண்டிக்கு கட்டணம் வாங்கற திட்டம்) பாருங்க. 29 ஆகஸ்ட் 2023ல இருந்து கிரேட்டர் லண்டன் முழுக்க இருக்கு, டீசல்னா யூரோ 6 புகை தரம் வேணும், இல்லன்னா 3.5 டன் வரைக்கும் உள்ள வண்டியை எடுக்கற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். ஹாரோல வீட்டு வாசல்ல இருந்து வெளிய எடுத்தாலே கட்டணும். 2016ங்கறது மாறின சமயம், ஒரே வருஷ வண்டியில ஒண்ணு யூரோ 5, ஒண்ணு யூரோ 6ன்னு இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு, அந்த 3,000 வித்தியாசம் அதனாலயே கூட இருக்கலாம்.

அடுத்தது ஈரம். மீட்டர் வச்சு செக் பண்ற ஆள் யாரையாவது தனியா கூட்டிட்டு போங்க, டீலர் காட்டற பேப்பர் போதாது. 15 சதவீதத்துக்குள்ள சரி, 20 தாண்டினா கேள்வி கேக்கணும், 30 தாண்டினா திரும்பி வந்துடுங்க. நீங்களும் பாருங்க, வார்ட்ரோப் உள்ள மேல் மூலை, ரூஃப் லைட் ஓரம், பெட் பாக்ஸ் அடியில பின் சுவர் கூடற இடம், எல்லாத்துலயும் கட்டை விரலை வச்சு அழுத்துங்க. சுவர் பேப்பர் லேசா அலையலையா இருந்தாலோ, விரல் அமுங்கினாலோ உள்ள மரம் போயிடுச்சு. ஷவர் முன்னாடி தரையில நின்னு குதிகாலை அமுக்குங்க, மெத்துனு இருக்கக்கூடாது. கதவை திறந்ததும் ஏர் ஃப்ரெஷ்னர் தூக்கலா அடிச்சா ஜன்னலெல்லாம் சாத்தி வச்சுட்டு அரை மணி கழிச்சு திரும்ப முகர்ந்து பாருங்க.

கம்மி மைல்ங்கறது மோட்டார்ஹோமுக்கு பெரிய பெருமை இல்ல. நின்னே கிடந்த டயர் பட்டன் புதுசு மாதிரி தெரியும், பக்கவாட்டுல வெடிச்சிருக்கும். டயர்ல இருக்கற டாட் (DOT) நம்பர்ல கடைசி நாலு இலக்கம் பாருங்க, 2316ன்னா 2016ல 23வது வாரம். அதுதான் இருந்தா டயர் செட்டோட விலையையும் கழிச்சு பேசுங்க. டைமிங் பெல்ட்டுக்கும் மைல் மட்டும் இல்ல, வயசும் கணக்கு. இதெல்லாம் கூட்டினா ரெக்கார்ட் உள்ள வண்டிதான் மலிவுன்னு ஆகிடும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஸ்காட்லாந்து ஹைலாண்ட்ஸ் போகணும். ரெண்டு மாடலும் வின்டர் பேக்னு சொல்றாங்க.

வின்டர் பேக்ங்கறதுக்கு கம்பெனிக்கு கம்பெனி அர்த்தம் மாறும், ஈஎன் 1646ங்கற ஐரோப்பிய தரத்துல கிரேடு 3 இருக்கான்னு கேளுங்க. வெளிய மைனஸ் 15ல இருந்தா நாலு மணி நேரத்துக்குள்ள உள்ள 20 டிகிரிக்கு கொண்டு வரணும்ங்கறது அந்த சோதனை. அப்புறம் குனிஞ்சு வண்டிக்கு அடியில பாருங்க, கழிவுத்தண்ணி டேங்கும் பைப்பும் வெளிய தொங்குதா, இல்ல டபுள் ஃப்ளோர் உள்ள சூட்டுல இருக்கான்னு. ட்ரூமா காம்பி ஹீட்டர் (அறையையும் தண்ணியையும் சேத்து சூடாக்கறது) இருந்தா ஃப்ராஸ்ட் கன்ட்ரோல்னு ஒரு வால்வு இருக்கும், அந்த இடம் 3 டிகிரிக்கு இறங்கினா பாய்லர் தண்ணியை தானா கீழ கொட்டிடும், பாய்லர் உறைஞ்சு வெடிக்காம காப்பாத்தத்தான். தெரியாதவங்க லீக்னு பயந்துடுவாங்க. அந்த வால்வு எங்க வச்சிருக்காங்கன்னு ரெண்டு மாடல்லயும் கேளுங்க, குளிர்ற லாக்கர் மூலையில வச்சிருந்தா தொல்லை. கேஸுக்கு சிகப்பு சிலிண்டர் ப்ரொப்பேன் மட்டும் எடுங்க, நீல சிலிண்டர் ப்யூட்டேன் 0 டிகிரி பக்கம் வந்தா ஆவியாகாது.

கேள்வி: நம்ம சமையலுக்கு பிரிட்டிஷ் மாடலா, ஐரோப்பிய மாடலா?

அம்மா, மாமியாரோட போறவங்க எல்லாரும் இதை கேக்கறாங்க, நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் மாடல்ல ஓவன், கிரில், நாலு பர்னர்ல ஒண்ணு கரண்ட் தட்டுன்னு தாராளமா வரும், ஐரோப்பிய மாடல்ல பெரும்பாலும் மூணு கேஸ் பர்னரோட சரி, ஆனா ஃப்ரிட்ஜ் பெருசா இருக்கும். ஐரோப்பிய மாடல் பலதுல வீட்டுப் பகுதிக்கு ஏறி இறங்கற கதவு வலது பக்கம், அதாவது இங்க டிராஃபிக் போற பக்கம் திறக்கும், சின்ன பசங்க இருந்தா யோசிங்க.

தாளிக்கற வாசனை எந்த மாடல்லயும் மெத்தைக்கு போகும், சின்ன ஃபேன் இழுக்காது. அதனால பல பேர் ஆனிங்குக்கு கீழ வெளிய வச்சு சமைக்கறாங்க, அதுக்கு வெளிப்பக்கம் கேஸ் பாயின்ட் ஒண்ணு எந்த மாடல்ல வருதுன்னு பாருங்க. இன்டக்‌ஷன் அடுப்பு கொண்டு போறவங்க சைட்ல எத்தனை ஆம்ப்னு கேட்டுக்கோங்க. 10 ஆம்ப்னா 2,300 வாட்ஸ்தான், ஹீட்டரை கரண்ட்ல ஓடவிட்டுட்டு இன்டக்‌ஷனும் போட்டா ட்ரிப் ஆகிடும். பிரான்ஸ்ல 6 ஆம்ப் சைட்டும் நிறைய, அங்க 1,380 வாட்ஸ், ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் ஒண்ணா போட முடியாது. அதனால ரெண்டு மாடல்ல எது எடுத்தாலும் ஹீட்டர் கேஸ்லயோ டீசல்லயோ ஓடற மாதிரி இருக்கட்டும், கரண்டை சமையலுக்கு விட்டுடலாம்.